சொந்தப் பழக்கம்

வருஷத்துக்கு இரண்டு தடவை மைன் மெடிக்கல் ரூமில் எடை பார்ப்பார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள், ஒரு காலத்தில் இறங்கிவிட்டு இப்போது மேலே வேலை செய்கிறவர்கள், எல்லாரும் போய் நிற்க வேண்டும். நெஞ்சைப் படம் பிடிப்பார்கள், தராசில் ஏற்றுவார்கள், எடையை அட்டையில் எழுதுவார்கள். படத்தில் என்ன தெரிந்தது என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். எடையை மட்டும் குமாஸ்தா சத்தமாகப் படிப்பார். அதனால் ஊரிகம் பக்கம் தங்க மைன் கொடுத்த லைன் வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அந்த ஓர் எண்தான். எண் ஏறினால் நெஞ்சு நன்றாக இருக்கிறது. இறங்கினால் தூசி உள்ளே தின்கிறது. தொடர்ந்து இரண்டு தடவை இறங்கினால் போர்டு. போர்டு என்றால் வேலைக்குத் தகுதி இல்லை என்று ஒரு காகிதம், அப்புறம் வீட்டைக் காலி செய்ய முப்பது நாள்.

ஆகவே எடைக்கு முந்தைய வாரம் லைனில் எல்லா அடுப்பும் பெரிதாக எரியும். வேர்க்கடலை, வெல்லம், எலும்பு சூப், டால்டா ஊற்றிய களி. எடை நாள் காலையில் பழைய சோற்றைக் கரைத்து ஒரு குண்டான் குடிக்க வைத்து, "வழியில ஒண்ணுக்குப் போயிடாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். வேலு என்ற ஒருவன் கால்சட்டைப் பையில் இரும்பு வாஷர்களைப் போட்டுக்கொண்டு ஏறி மாட்டிக்கொண்டான். பவுண்டுத் தராசை எடுத்துவிட்டு கிலோத் தராசு வைத்த வருஷம், நூற்று முப்பது இருந்தவரெல்லாம் ஐம்பத்தொன்பது என்று கேட்டு வெளியே வந்தபோது பாதிப் பெண்கள் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். ரேஷன் கடையில் கிலோவில் அரிசி வாங்கிப் பழகியவர்கள்தான். ஆனாலும் புருஷன் எடை வேறு, அரிசி எடை வேறு என்று இருந்தது.

இந்த எடை வாரத்தில் கெட்டிக்காரி நேசமணி. எந்த வீட்டில் ஆள் இளைத்தாலும் அவளிடம்தான் கேட்க வருவார்கள். அவளுக்கு அந்தப் பயம் எல்லாரையும்விட அதிகம். அவள் அப்பா மரியகுழந்தை எண்பத்தொரு பவுண்டில் வந்து நின்றார். போர்டு ஆன இருபத்தெட்டாம் நாள் வீட்டுச் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அப்பாவையும் அதே வண்டியில்தான் ஏற்றினார்கள், பானைகளுக்கு நடுவே. அவரைத் தூக்கி வைத்தவன் "இவரைவிட பானை கனமா கீது" என்று சொன்னது பதினாலு வயது நேசமணியின் காதில் விழுந்தது.

அதனால் கொர்னேலியஸைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அவரைச் சோற்றால் பிடித்து வைத்திருந்தாள்.

1968 மார்ச்சில் எடை நாளன்று அவள் மெடிக்கல் ரூம் வேலிக்கு இந்தப் பக்கம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்து வரும் தூளுக்கு முக்காடு போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ரத்தினம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். கொர்னேலியஸ் வெளியே வந்தார். ஆள் அகலமாக, மெதுவாக வந்தார்.

"எம்மாம் ஏறிச்சி அண்ணே?" என்று ரத்தினம்மா கத்தினாள்.

"தொண்ணூத்தி நாலு."

"அம்மாடி. நேசா, உன் கையில இன்னாடி கீது? எங்க வீட்டு மனுஷனுக்கும் ஒரு மாசம் ஆக்கிப் போடு."

கொர்னேலியஸ் சிரிக்கவில்லை. அட்டையை நேசமணியிடம் கொடுத்துவிட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் அவருக்கு மூச்சு வாங்கியது.

நேசமணி நாலாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். புது டாக்டர் தமிழிலேயே எழுதியிருந்தார்: மூச்சுத் திணறல். காரணம்: உடல் பருமன். சொந்தப் பழக்கம். மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைக்காவிட்டால் வேலைக்குத் தகுதி இல்லை.

"இது இன்னாங்க?"

"குறைக்கணுமாம். இல்லன்னா ஜூன் மாசம் போர்டு. எழுதியிருக்கிறதை ஒத்துகினு அப்போ கையெழுத்து போடணுமாம்."

"தூசியில போனவங்களுக்குத்தானே போர்டு?"

"தூசின்னா மைன் பொறுப்பு. ஒண்ணுமே முடியாம படுக்கிற வரைக்கும் மேலயே எதுனா ஒரு வேலையில வச்சிக்கணும், அதுவரைக்கும் வீடும் இருக்கும். இது சொந்தப் பழக்கம்." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "நானே துன்னு நானே கெடுத்துகினேன்னு அர்த்தம். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

குமாஸ்தா ஏகநாதன் வாசலுக்கு வந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு நேசமணியைப் பார்த்தார். "இன்னாம்மா, ரயில் இன்ஜினுக்குக் கரி போடறா மாதிரி போட்டா இப்படித்தான் ஆவும். புருஷனா, பண்டிகை ஆடா?"

வேலியோரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். போன செப்டம்பரில் அவளிடம் வெல்லம் எவ்வளவு போடுவது என்று கேட்டவர்களும் சிரித்தார்கள். நேசமணிக்கு முகம் சுட்டது. அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

டாக்டர் ஒரு தாளும் கொடுத்திருந்தார். ஓட்ஸ் கஞ்சி, ஆப்பிள், ஆடை எடுத்த பால், வேகவைத்த மீன். மறுநாள் அவள் அந்தத் தாளோடு கம்பெனி ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர்க்காரர் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்ஸ் இருந்திச்சி. வெள்ளைக்காரங்க போனப்புறம் வர்றதில்ல."

"அப்புறம் இன்னா கீது?"

"அரிசி கீது. சக்கரை கீது. டால்டா எத்தனை டின் வேணும்னாலும் கீது. மைதா புதுசா வந்திருக்குது, பன்னு செய்யலாம்."

அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, இருப்பதைக் குறைத்தாள். மூன்று களி உருண்டையில் ஒன்றை எடுத்தாள். டால்டாவை நிறுத்தினாள். குழம்பில் காராமணிக்குப் பதில் கீரை. அது சுலபமாக இல்லை. பதினெட்டு வருஷமாக ஏற்றிப் பழகிய கை. கரண்டி தட்டுக்கு மேலே வந்து நிற்கும்போதெல்லாம் மாட்டு வண்டி கண்ணுக்கு முன்னால் வந்தது.

கொர்னேலியஸ் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். மூன்று வாரம் கழித்து ரேஷன் கடைத் தராசில் அவரை ஏற்றிப் பார்த்தாள். ஒரு கிலோ இறங்கியிருந்தது. அன்றைக்குத் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை பார்த்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். போண்டா.

அவர் வந்ததும் சட்டையை முன்னால் போட்டாள்.

"இது எத்தனை நாளா?"

"எது?"

"மோந்து பாருங்க."

அவர் முகர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். "நேசா, நான் ஒளிச்சித் துன்னல. அது அங்கயே வருதும்மே."

"வந்தா? வாயைத் திறந்துகினு உட்கார்ந்திருப்பீங்களா?"

"ஆமா" என்றார் அவர். "அதான் என் வேலை."

அவள் சண்டைக்கு வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. காலையில போனதுலேர்ந்து சொல்லுங்க."

ஏழு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி அது. அவர் சுரங்கத்துக்கு உள்ளே இருந்த காலத்தில் தினமும் கேட்பாள்: எந்த லெவல், மேலே பாறை எப்படி, சூடு எப்படி. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவரை மேலே கொண்டுவந்து, உள்ளே போகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் லாம்ப் ரூமில் போட்ட நாளோடு கேட்பதை விட்டுவிட்டாள். மேலே இருக்கிறார், வெளிச்சத்தில் இருக்கிறார், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

அவர் சொன்னார். காலையில் லைன் முனையிலேயே பஸ் ஏற்றிக்கொள்கிறது. லாம்ப் ரூமில் கவுண்டருக்குப் பின்னால் தரையோடு போல்ட் அடித்த இரும்பு ஸ்டூல். முன்பு விளக்குகளை எடுக்க நாற்பது அடி நடந்து போய் வர வேண்டும். இப்போது சுழலும் ரேக் வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே கையால் தள்ளினால் விளக்கு தானாக முன்னால் வரும். ஷிஃப்ட் நடக்கும்போது ஸ்டூலை விட்டு எழுந்தால் ஃபைன். எழுந்து போகக் கூடாது என்பதால் கேண்டீனிலிருந்து நாலு வேளை டீ அங்கேயே வரும். அடியில் கால் அங்குலம் சக்கரை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போண்டாவும் வரும், மைன் செலவில்.

"வேணாம்னு சொல்ல முடியாதா?"

"சொன்னேன். ரெண்டு நாள் சொன்னேன். மத்தியானம் ஒரு மணிக்கு வெறும் சுவரைப் பார்த்துகினு உட்கார்ந்திருக்கும்போது அந்த டீ டம்ளர்தான் ஒரு ஆளு மாதிரி வருது." சட்டையை அவள் பக்கம் தள்ளினார். "உள்ள இருக்கிறப்ப எட்டு மணி நேரம் கல்லு ரொப்பின டப் வண்டி தள்ளுவேன். வேர்வை பூட்ஸுக்குள்ள நிக்கும், கவுத்துக் கொட்டுவோம். அப்போ வந்த பசி நேசா, அது இன்னும் போவல. நான் மேலே வந்துட்டேன்னு அதுக்கு யாரும் சொல்லல."

நேசமணி சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். குழாயடியில் குந்தி உட்கார்ந்து சவுக்காரம் போட்டபோது தன் கையைப் பார்த்தாள். வளையல் மணிக்கட்டில் பதிந்து கிடந்தது. இந்தக் குழாய் வருவதற்கு முன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் தூக்கியவள். மாவு மில் வருவதற்கு முன் விடிவதற்குள் இரண்டு படி கேழ்வரகு அரைத்தவள். குழாயும் மில்லும் வந்தபோது சாமிக்கு நன்றி சொன்னாள். இப்போதும் அவற்றைத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். ஆனால் அவற்றுக்கான விலையைத் தன்னைக் கேட்காமலே தன் உடம்பில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து கொர்னேலியஸின் பழைய எடை அட்டைகளை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி வீட்டுக்கும் வரும்; ரோஸ் நிற அட்டை. பதினெட்டு வருஷத்து அட்டைகள். சிம்னி துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷவாரியாகத் தரையில் பரப்பினாள். உள்ளே இருந்த பதினோரு வருஷமும் நூற்றுப் பதினெட்டு பவுண்டு, நூற்று இருபது, நூற்றுப் பத்தொன்பது. அவள் எவ்வளவு வெல்லம் போட்டும் நூற்று இருபத்திரண்டைத் தாண்டவில்லை. அப்போதெல்லாம் அதற்காக எவ்வளவு அழுதிருக்கிறாள். 1961இல் மேலே வந்தார். அதற்குப் பிறகு பவுண்டிலும் சரி, அப்புறம் வந்த கிலோவிலும் சரி, ஒவ்வொரு அட்டையும் ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது.

அவள் வெகுநேரம் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு அதே அடுப்பு. கை அதே கை. கரண்டி கூட மாறவில்லை.

மறுநாள் காலை ரத்தினம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரரு அட்டையெல்லாம் குடு."

"இன்னாத்துக்கு?"

"குடு, சொல்றேன்."

ரத்தினம்மாவின் கணவர் முனியப்பன் ஐந்து வருஷமாக கேட் வாட்ச்மேன். ரத்தினம்மா சமையலில் கையை இறுக்கிப் பிடிப்பவள் என்று லைன் முழுக்கத் தெரியும். அவள் குழம்பில் முருங்கைக்காய்த் துண்டைத் தேடி எடுப்பவருக்குப் பரிசு கொடுக்கலாம் என்பார்கள். அட்டைகளைப் பரப்பினார்கள். முனியப்பனும் உள்ளே இருந்தவரை ஒரே எடை. கேட்டில் உட்கார்ந்த வருஷத்திலிருந்து ஏற்றம்.

"அய்ய" என்றாள் ரத்தினம்மா. "நான் என்னமோ டாக்டர் கைராசின்னு நெனச்சேன்."

"நீ உன் புருஷனுக்கு அதிகமா போட்டியா?"

"நானா? என்னைப் பார்த்தா கேக்கிற?"

"அதான். நீ போடாமயும் ஏறிச்சி. நான் போட்டும் உள்ள இருந்தப்ப ஏறல."

ரத்தினம்மா எண்களை மறுபடியும் பார்த்தாள். மார்ச்சில் வேலியோரம் நின்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "லூயிசா வீட்டுல பம்ப் ஹவுஸ் வேலை. அவங்க அட்டையும் கேக்கலாம் வா" என்றாள்.

ஏப்ரலும் மேயும் அப்படிப் போயின. சிலர் கொடுத்தார்கள். சிலர், "எங்க வீட்டு எடையை ஊருக்குச் சொல்லி இன்னா பண்ணப் போற, கண்ணு படும்" என்று கதவைச் சாத்தினார்கள். கொர்னேலியஸ் பஸ்ஸை விட்டு நடந்து போக ஆரம்பித்தார். முதல் வாரம் பாதி வழியில் மதகில் உட்கார்ந்து உட்கார்ந்து போனார்; பஸ்ஸிலிருந்து பையன்கள் "லாரி வருது, ஒதுங்கு" என்றார்கள். போண்டாவைப் பக்கத்துக் கவுண்டர்காரருக்குத் தள்ளினார். டீயை மட்டும் அவரால் விட முடியவில்லை. நேசமணி அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூனில், குறைக்கச் சொன்னவர்களை மட்டும் கூப்பிட்டு எடை பார்த்தார்கள். எண்பத்தொன்பது.

வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நேசமணிக்கு ஏகநாதனின் குரல் கேட்டது. "அஞ்சுதான். அஞ்சு பாக்கி. வாய்யா, இந்த இடத்துல கையெழுத்து."

அவள் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சட்டையில்லாமல் வரிசையில் நின்ற ஆண்கள் அவசரமாகத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

"யம்மா, யம்மா" என்று ஏகநாதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "பொம்பளைங்க உள்ள வரக்கூடாது."

"எழுதியிருக்கிறது என் அடுப்பைப் பத்தி. நான் வராம யாரு வரது?" குரல் நடுங்கியது. அவள் இதுவரை இந்த அறைக்குள் வந்ததில்லை. "கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் புருஷனிடம்.

கொர்னேலியஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையும் ஏகநாதனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

உள் அறையிலிருந்து டாக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "என்ன விஷயம்?"

"என் பேரு நேசமணி. இவரு சம்சாரம். சொந்தப் பழக்கம்னு எழுதிட்டீங்க. அது பொய்."

"அம்மா, பொய் இல்லை. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கு. இந்த எடையில இதயம் எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எடை கெடுதல்னு சொல்றீங்க. சரி, ஒத்துக்கிறேன். குறைக்கணும்னு சொல்றீங்க, குறைச்சிகினுதான் கீறாரு. எப்படி வந்திச்சின்னு எழுதியிருக்கீங்களே, அதைத்தான் பொய்ன்றேன்."

"சாப்பாடு அதிகம், உழைப்பு கம்மி. வேற எப்படி வரும்?"

"அந்த உழைப்பைக் கம்மி பண்ணது யாரு? இவரா?"

ஏகநாதன் குறுக்கே வந்தார். "டாக்டர், இவங்களை எனக்குத் தெரியும். லைன்ல எல்லாருக்கும் வெல்லம் ஊட்டுறது இந்தம்மாதான். வாயைக் கட்டினா ஆளு இப்படி ஆவானா?"

நேசமணி அவர் பக்கம் திரும்பினாள். "ஏகநாதன் சார், நீங்க மைன்ல சேர்ந்தப்ப பெல்ட்டுல எத்தனாவது ஓட்டை?"

வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார். ஏகநாதன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவரை எதுக்கு இழுக்கிறீங்க?" என்றார் டாக்டர். ஆனால் அவர் பார்வையும் ஒரு கணம் அந்தப் பெல்ட்டுக்குப் போய் வந்தது.

நேசமணி கக்கத்தில் இடுக்கியிருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். மேஜைமேல் அட்டைகளை வைத்தாள். நூல் சுற்றிய பத்தொன்பது கட்டு. "இது பத்தொன்பது பேரோட அட்டை. எல்லாரும் உள்ள இருந்து மேலே வந்தவங்க. லாம்ப் ரூம், கேட், பம்ப் ஹவுஸ், டைம் ஆபீஸ். உட்கார்ற வேலை. இவங்க மேலே வந்த வருஷத்தைச் செவப்பு நூலால கட்டியிருக்கேன். அதுக்கு முன்ன பாருங்க, அதுக்குப் பின்ன பாருங்க."

டாக்டர் நின்றுகொண்டே ஒரு கட்டைப் பிரித்தார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதைப் பிரிக்கும்போது உட்கார்ந்துவிட்டார். அவர் பத்தொன்பதையும் பார்த்து முடிக்கும்வரை வரிசை அப்படியே நின்றது. தராசு முள் காற்றில் லேசாக ஆடியது.

"இது யார் அடுக்கினது?"

"நான்தான்."

"பதினேழு பேருக்கு ஏறியிருக்கு. இரண்டு பேருக்கு இறங்கியிருக்கு."

"அந்த ரெண்டு பேருக்கும் தூசி முத்திப்போச்சு. ஒருத்தரு போன மாசம் செத்துட்டாரு." அவள் நிறுத்தி, மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். "பதினேழு பேருக்கும் ஒரே நேரத்துல சொந்தப் பழக்கம் வந்திச்சா? பதினேழு வீடு சார். கறி துன்ற வீடு கீது, துன்னாத வீடு கீது. எங்க பக்கத்து வீட்டு ரத்தினம்மா ஒரு முருங்கைக்காயை நாலு நாள் ஓட்டுவா. அவ புருஷனும் ஏறியிருக்காரு. எடை வாரத்துல எல்லாரும்தான் திணிச்சோம். உள்ள இருக்கிறவங்களுக்கும் திணிச்சோம். அவங்களுக்கு ஏறல."

டாக்டர் ஓர் அட்டையை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"நான் திணிச்சது தப்புதான். அதை நான் சொல்லிக்கிறேன், நீங்க சொல்ல வேணாம். ஆனா யாரு பயமுறுத்தித் திணிச்சேன்? இருபது வருஷமா இந்த வாசல்ல இருந்து எண்ணைப் படிச்சீங்க. எறங்கினா வீடு போச்சு. ஏத்தினோம். இப்போ ஏறினாலும் வீடு போச்சா? நெஞ்சு போட்டோவில இன்னா தெரியுதுன்னு ஒரு தபாவாவது சொல்லியிருந்தா நாங்க இன்னாத்துக்கு வெல்லத்தைப் பார்த்துகினு இருந்திருப்போம்?"

அவள் நிறுத்தவில்லை. ஸ்டூலைச் சொன்னாள். சுழலும் ரேக்கைச் சொன்னாள். எழுந்தால் ஃபைன், எழாதிருந்தால் டீ. ஸ்டோரில் ஓட்ஸ் இல்லை, டால்டா எத்தனை டின் வேண்டுமானாலும். சொல்லச் சொல்ல அவள் குரலில் நடுக்கம் போய்விட்டது. வரிசையில் நின்றவர்களில் ஒருவர், "கேட்லயும் அப்படித்தான் சார்" என்றார். இன்னொருவர், "டீ இல்லன்னா தூங்கிடுவோம்னு மேஸ்திரியே ஊத்தறாரு" என்றார்.

டாக்டர் கொர்னேலியஸைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. மூச்சு எப்போ வாங்க ஆரம்பிச்சது?"

"உள்ள இருக்கும்போதே சார். அதனாலதானே மேலே போட்டாங்க. அப்போ நூத்திப் பதினெட்டு பவுண்டு." அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இது அப்போ இல்ல."

டாக்டர் உள்ளே போய் ஒரு பெரிய கவரோடு வந்தார். 1961இல் எடுத்த நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பக்கத்தில் இந்த வருஷத்துப் படத்தையும் பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார். "தூசி இருக்கு" என்றார் மெதுவாக. "பருமனும் இருக்கு. இந்த மூச்சுத் திணறல்ல எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"முடியாதுன்னா அதையே எழுதுங்க."

"ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லீங்க டாக்டர்" என்றார் ஏகநாதன். "தூசி, சொந்தப் பழக்கம், விபத்து. மூணுதான் கீது."

"எழுத இடம் இருக்குதே" என்றாள் நேசமணி. அட்டையில் 'சொந்தப் பழக்கம்' என்பதற்கு மேலே இருந்த ஒரு விரல்கடை வெள்ளையைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் குனிந்து கீழே கிடந்த பேனாவை எடுத்தார். அந்த இரண்டு சொல்லையும் ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே சின்ன எழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் அட்டையை நேசமணியிடமே நீட்டினார். அவள் சத்தமாக, எழுத்துக் கூட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி படித்தாள்: "தூசியும், உட்கார்ந்த வேலையும், பருமனும் சேர்ந்தது. வேலையில் தொடரலாம். நடமாடும் வேலை கொடுக்கவும்."

"நடமாடும் வேலை கொடுக்கிறது உங்க கையில கீதா?"

"இல்லம்மா. நான் சிபாரிசுதான் எழுத முடியும். இதையே மேலே இருக்கிறவங்க ஏத்துக்கணும்."

"அந்த ஸ்டூலைப் பிடுங்குறது?"

"அதுவும் மேனேஜர்தான்."

"இவரு ஒருத்தருக்குத்தான் எழுதினீங்க. மிச்சம் பதினாறு பேருக்கு?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. பார்க்கிறேன்."

"வருவாங்க." அவள் அட்டைகளைத் திரும்பக் கட்டினாள், அவசரப்படாமல், அந்தந்த வீட்டு அட்டைக்கு அந்தந்த நூல். "மேனேஜர் ஆபீஸ் எந்தப் பக்கம்?"

ஏகநாதன் நிஜமாகவே எழுந்துவிட்டார். "இன்னாம்மா விளையாடறியா? அங்கெல்லாம் லெட்டர் போட்டு, தேதி வாங்கி, அப்புறம்தான் போவணும்."

நேசமணி வெளியே வந்தாள். கொர்னேலியஸ் சட்டைப் பித்தானைப் போட்டபடியே பின்னால் வந்தார். வேலியோரம் ரத்தினம்மாவும் இன்னும் ஆறேழு பெண்களும் ஒன்றும் கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் ஆபீஸ் மேட்டின்மேல் இருந்தது. பாதி ஏற்றத்தில் நேசமணிக்கு நெஞ்சு அடைத்தது. இடுப்பில் கை வைத்து நின்றாள். கொர்னேலியஸும் நின்றார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஒருவர் மூச்சு அடங்கும்வரை மற்றவர் காத்திருந்து, மறுபடியும் ஏறினார்கள்.

ஆபீஸ் வாசலில் காக்கிச் சட்டைக்காரர் கையை நீட்டி மறித்தார். "துரை மீட்டிங்ல கீறாரு. இன்னிக்கிப் பார்க்க மாட்டாரு. எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியாது."

நேசமணி வாசற்படியைப் பார்த்தாள். நல்ல அகலமான கருங்கல் படி. முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு, அட்டை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்தாள். ரத்தினம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார, யாரும் மேலே போகவும் கீழே வரவும் வழியில்லாமல் படி நிறைந்துவிட்டது.

"ஆவட்டும்" என்றாள் நேசமணி. "உட்காரத்தானே எங்களை நல்லா பழக்கி வச்சிருக்கீங்க. உட்கார்ந்துகினு இருக்கோம்."